பால் எத்தனை நாள் தாங்கும்?

காலையில் பால் பாக்கெட் வாங்கி வருகிறோம். உறையில் அச்சிட்டிருக்கும் தேதிப்படி அது நாளை வரை நன்றாக இருக்க வேண்டும். ஆனால் பத்து மணிக்கு அடுப்பில் ஏற்றிய சில நிமிடங்களில் பால் திரிந்துவிடுகிறது. உடனே வீட்டில் ஒரு விசாரணை தொடங்கும். "கடைக்காரர் நேற்றைய பாலைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்" என்பார் ஒருவர். "தேதியெல்லாம் சும்மா, இஷ்டத்துக்கு அச்சடிக்கிறார்கள்" என்பார் இன்னொருவர். கடைசியில், பாத்திரத்தைச் சரியாகக் கழுவவில்லை என்று வீட்டிலிருக்கும் யாரோ ஒருவர் தலையில் பழி விழும்.

அதே வீட்டு அலமாரியில் அட்டைப் பெட்டியில் அடைத்த பால் ஒன்றும் இருக்கலாம். அது குளிர்பெட்டியில் வைக்கப்படவில்லை. ஆனாலும் மூன்று மாதத்துக்குப் பிந்திய தேதி அதன்மேல் இருக்கிறது. அதைப் பார்த்ததும் வேறொரு தீர்ப்பு வரும்: "இவ்வளவு நாள் கெடாமல் இருக்கிறது என்றால் இதில் ஏதோ மருந்து கலந்திருக்கிறார்கள்!"

சீக்கிரம் கெட்டால் ஏமாற்று. கெடாமல் இருந்தால் மருந்து. பாவம், பால் என்னதான் செய்யும்? மாணவ நண்பர்களே, இந்த இரண்டு தீர்ப்புகளும் ஒரே தவறிலிருந்து பிறந்தவை என்பது என் கருத்து. பாலின் ஆயுளை நாம் நாட்காட்டியை வைத்து அளக்கிறோம். அளக்க வேண்டியது நாட்காட்டியையும் வெப்பமானியையும் சேர்த்து வைத்துக்கொண்டு. பாக்கெட்டின்மேல் உள்ள தேதி பாதி வாக்கியம்தான். மீதிப் பாதி, அதே உறையில் சிறிய எழுத்தில் இருக்கிறது: குளிர்ந்த நிலையில், இத்தனை டிகிரிக்குக் கீழே வைக்கவும் என்று. அந்த இரண்டாவது பாதியைப் படிக்காதவருக்கு முதல் பாதி எப்போதும் பொய்யாகத்தான் தோன்றும்.

பாலுக்குள் ஒரு கடிகாரம்

பசும்பாலில் சுமார் 87 சதவீதம் தண்ணீர். மீதியில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை, புரதம், கொழுப்பு, தாது உப்புகள் இருக்கின்றன. கன்றுக்கு எவ்வளவு நல்ல உணவோ, நுண்ணுயிர்களுக்கும் அவ்வளவு நல்ல உணவு. கறக்கும்போதே மடியின் தோலிலிருந்தும், கையிலிருந்தும், பாத்திரத்திலிருந்தும் பாக்டீரியாக்கள் பாலில் வந்து சேர்கின்றன. மாட்டின் உடல் வெப்பத்தோடு வரும் பால் அவை பெருகுவதற்கு மிகவும் ஏற்ற இடம். புதிதாகக் கறந்த பாலில் நுண்ணுயிர்களைத் தடுக்கும் சில இயற்கைப் பொருள்கள் உண்டு. ஆனால் அந்தக் காவல் சில மணி நேரத்துக்கு மேல் நீடிப்பதில்லை.

லாக்டிக் வகைப் பாக்டீரியாக்கள் பால் சர்க்கரையை உண்டு லாக்டிக் அமிலத்தை வெளியிடுகின்றன. நல்ல பாலின் பி.எச். மதிப்பு 6.6 முதல் 6.8 வரை இருக்கும். அமிலம் சேரச் சேர இது குறைகிறது. 4.6-ஐ நெருங்கும்போது கேசீன் என்ற பால் புரதம் சூடுபடுத்தாமலேயே கட்டியாகிவிடும். நாம் உறை ஊற்றித் தயிராக்கும்போது நடப்பது இதுதான். ஆனால் சூடுபடுத்தினால், அமிலம் அவ்வளவு சேர்வதற்கு முன்பே, ஓரளவு புளித்த நிலையிலேயே புரதம் திரிந்துவிடும். டம்ளரில் பார்க்கும்போது குறையில்லாமல் தெரிந்த பால் அடுப்பில் திரிவதன் காரணம் இதுவே. ஆகவே பாலைக் கெடுத்தது அடுப்பு அல்ல. ஏற்கெனவே கெடத் தொடங்கிவிட்டது என்பதற்கு அடுப்பு சாட்சி சொல்கிறது.

இனி ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு மில்லிலிட்டர் பாலில் 10,000 பாக்டீரியாக்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவை ஏறக்குறைய ஒரு கோடியை எட்டும்போது பால் கெட்டது நாக்குக்கும் மூக்குக்கும் தெரியத் தொடங்கும். அதாவது ஆயிரம் மடங்கு பெருக வேண்டும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, பத்து முறை இரட்டித்தால் 1,024 மடங்கு ஆகிவிடும். எனவே பாலின் ஆயுள் என்பது பத்து இரட்டிப்புகள்.

ஓர் இரட்டிப்புக்கு எவ்வளவு நேரம் ஆகும்? இங்கேதான் வெப்பநிலை நுழைகிறது. நம் ஊர்க் கோடையில் அரை மணி நேரம் என்றும், 4 டிகிரி செல்சியஸில் எட்டு மணி நேரம் என்றும் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். (உண்மையில் எல்லாப் பாக்டீரியாவும் ஒரே வேகத்தில் பெருகுவதில்லை. ஆனால் வித்தியாசம் இந்த அளவில்தான் இருக்கும்.) அப்படியானால் வெளியே வைத்த பாலின் ஆயுள் 5 மணி நேரம். குளிரில் வைத்த அதே பாலின் ஆயுள் 80 மணி நேரம், அதாவது மூன்று நாளும் எட்டு மணி நேரமும்.

இன்னும் ஒரு படி மேலே போவோம். அந்தப் பால் இரண்டரை மணி நேரம் மட்டும் வெளியே இருந்து, பிறகு குளிர்பெட்டிக்குள் போனால் என்ன ஆகும்? இரண்டரை மணி நேரத்தில் ஐந்து இரட்டிப்புகள் முடிந்துவிட்டன. குளிரில் மிஞ்சியிருப்பவை ஐந்துதான். அதாவது 40 மணி நேரம். இரண்டரை மணி நேர வெக்கை, நாற்பது மணி நேரக் குளிரை விழுங்கிவிட்டது! மறுபடியும் குளிரவைத்தால் கடிகாரம் மெதுவாக ஓடும். ஆனால் பின்னோக்கி ஓடாது. ஓடிய நேரம் ஓடியதுதான்.

நம் வீட்டு விசாரணைக்கு இப்போது திரும்பிப் பாருங்கள். விடியற்காலை நான்கரை மணிக்குக் கடை வாசலில் இறங்கிய பாக்கெட், ஏழரைக்கு நம் கைக்கு வருகிறது. பத்து மணி வரை சமையல் மேடையில் கிடக்கிறது. மொத்தம் ஐந்தரை மணி நேரம். தேதியும் பொய் சொல்லவில்லை; கடைக்காரரும் பழைய பாலைத் தரவில்லை. குற்றவாளி, யாரும் கணக்கில் சேர்க்காத அந்த ஐந்தரை மணி நேரம்.

பாஸ்டர் முறை செய்வதும் செய்யாததும்

பாக்கெட் பால் ஏற்கெனவே சூடுபடுத்தப்பட்டதுதானே, பிறகு ஏன் அதில் பாக்டீரியா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1860-களில், திராட்சை மது கெடுவதைத் தடுக்க அதைக் கொதிநிலைக்குக் கீழேயே இதமாகச் சூடுபடுத்தினால் போதும் என்று காட்டினார். அதே முறை பின்னர் பாலுக்கும் வந்தது. 63 டிகிரியில் 30 நிமிடம் வைக்கலாம், அல்லது 72 டிகிரியில் 15 விநாடி வைக்கலாம். இரண்டின் பயனும் ஏறக்குறைய ஒன்றே. இந்த எண்களைச் சற்றுக் கவனியுங்கள். வெப்பநிலை 9 டிகிரிதான் ஏறியது. ஆனால் தேவையான நேரமோ 1,800 விநாடியிலிருந்து 15 விநாடிக்கு, அதாவது 120-இல் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

இந்த முறையின் முதல் நோக்கம் நோய்க் கிருமிகளைக் கொல்வது. காசநோய்க் கிருமி போன்றவை இதில் அழிகின்றன. ஆனால் பாலிலுள்ள எல்லா உயிரும் அழிவதில்லை. சில பாக்டீரியாக்கள் சூட்டைத் தாங்கும். வேறு சில, கெட்டியான கவசம் அணிந்த வித்துகளாக உறங்கிக் கிடக்கும். உறையில் அடைக்கும்போது புதிதாகவும் சில நுழையலாம். ஆகவே பாஸ்டர் முறையில் கடிகாரம் நிற்பதில்லை. முள்ளைத் தொடக்கத்துக்கு அருகில் தள்ளி வைக்கிறோம், அவ்வளவுதான். அதன்பின் அது எவ்வளவு வேகமாக ஓடும் என்பதைக் குளிர்தான் தீர்மானிக்கும்.

இன்னொரு செய்தி. இம்முறையில் புளிக்கச் செய்யும் லாக்டிக் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் மடிந்துவிடுகின்றன. குளிர்பெட்டியின் குளிரிலும் மெல்ல வளரக்கூடிய வேறு வகைகள் உண்டு. அவை புரதத்தையும் கொழுப்பையும் சிதைப்பவை. அதனால்தான் நெடுநாள் குளிர்பெட்டியில் கிடந்த பாக்கெட் பால் சில சமயம் புளிக்காமல் கசக்கிறது, அல்லது நாறுகிறது. "அந்தக் காலத்துப் பால் புளித்தது, இந்தக் காலத்துப் பால் அழுகுகிறது, எல்லாம் ரசாயனம்" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் பார்த்தது உண்மை; சொன்ன காரணம்தான் தவறு. பாலில் வேலை செய்யும் கூட்டம் மாறியிருக்கிறது.

நீலம், பச்சை, ஆரஞ்சு என்று உறையின் நிறத்தைப் பார்த்து, "எது அதிக நாள் தாங்கும்?" என்று கேட்பவர்களும் உண்டு. நிறம் சொல்வது கொழுப்பின் அளவை. நம் நாட்டு விதிப்படி சமன்படுத்திய பாலில் 3 சதவீதமும், நிலைப்படுத்திய பாலில் 4.5 சதவீதமும், நிறைகொழுப்புப் பாலில் 6 சதவீதமும் கொழுப்பு இருக்க வேண்டும். காப்பியின் சுவை இதனால் மாறும். பாலின் ஆயுள் மாறுவதில்லை. மூன்றும் ஒரே முறையில் சூடுபடுத்தப்பட்டவை; மூன்றுக்கும் ஒரே குளிர் வேண்டும்.

டிண்டாலும் நம் பாட்டியும்

வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்ற கேள்வியில் ஜான் டிண்டால் என்ற இயற்பியலாளரின் பெயரைப் படித்திருப்பீர்கள். அவர் உறங்கும் வித்துகளோடும் போராடியவர். வைக்கோல் ஊறிய நீரை ஒரு முறை கொதிக்க வைத்தால் அது கெடாமல் இருப்பதில்லை என்று அவர் கண்டார். கொதியில் வித்துகள் சாவதில்லை. ஆறிய பிறகு அவை விழித்துக்கொண்டு கவசத்தைக் களைந்து வளரத் தொடங்குகின்றன. அந்த நேரம் பார்த்து மறுபடியும் கொதிக்க வைத்தால் மடிந்துவிடும். இப்படி விட்டு விட்டுக் கொதிக்க வைக்கும் முறையை அவர் 1877-இல் வெளியிட்டார்.

குளிர்பெட்டி இல்லாத காலத்தில் நம் பாட்டிமார் என்ன செய்தார்கள்? காலையில் கறந்த பாலை உடனே காய்ச்சினார்கள். நண்பகலில் மறுபடியும் ஒரு கொதி. மாலையில் இன்னொரு கொதி. இரவில் மிஞ்சியதை உறை ஊற்றித் தயிராக்கிவிட்டார்கள். டிண்டாலின் பெயர் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் செய்தது ஏறக்குறைய அதே காரியம். ஒவ்வொரு கொதியும் கடிகார முள்ளைப் பின்னுக்குத் தள்ளியது. மிஞ்சிய பாலைத் தயிராக்கியது அதைவிடப் புத்திசாலித்தனம். பாலைக் கெடுக்கும் அமிலத்தையே காவலுக்கு வைத்துவிட்டார்கள். எந்தப் பாக்டீரியா வந்து குடியேற வேண்டும் என்பதை நாமே தேர்ந்தெடுப்பதுதான் உறை ஊற்றுவது.

மூன்று மாதப் பாலில் மருந்து உண்டா?

இல்லை. நல்ல முறையில் தயாரான நெடுநாள் பாலுக்கு அது தேவையே இல்லை. அங்கே நடப்பது வெப்பமும் நேரமும் பற்றிய அழகான கணக்கு.

வித்துகளையும் சேர்த்துக் கொல்ல வேண்டுமானால் 100 டிகிரிக்கு மேலே போக வேண்டும். புட்டியில் அடைத்த பாலை 115 டிகிரி அளவில் கால் மணி நேரம் வைப்பது பழைய முறை. கிருமி சாகும், ஆனால் பாலின் நிறம் பழுப்பேறி, காய்ந்த மணம் வந்துவிடும். சர்க்கரையும் புரதமும் சூட்டில் வினைபுரிவதே காரணம். இதற்கு வழி என்ன? இங்கே இயற்கை நமக்கு ஒரு சலுகை தந்திருக்கிறது. வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் வித்துகள் மடியும் வேகம் சுமார் 10 மடங்கு ஆகிறது. ஆனால் பழுப்பேறும் வினையின் வேகம் இரண்டு மூன்று மடங்குதான் ஆகிறது. எனவே 115-லிருந்து 145-க்கு 30 டிகிரி ஏற்றினால், கொல்லும் வேகம் 10 × 10 × 10, அதாவது 1,000 மடங்கு. பழுப்பேறும் வேகம் மூன்று மடங்கு வீதம் வைத்தாலும் 3 × 3 × 3, அதாவது 27 மடங்குதான். கால் மணி நேர வேலை ஒரே விநாடியில் முடிந்துவிடும். அந்த ஒரு விநாடியில் நடக்கும் பழுப்பேற்றமோ பழைய முறையில் நடப்பதில் சுமார் முப்பதில் ஒரு பங்கு.

அட்டைப்பெட்டிப் பாலின் ரகசியம் இதுதான். 135 முதல் 150 டிகிரி வரை சில விநாடிகள் சூடாக்கி, உடனே குளிரவைத்து, கிருமி நீக்கிய பெட்டியில், கிருமியற்ற சூழலில் அடைத்து மூடுகிறார்கள். காகிதமும் பாலிதீனும் மெல்லிய அலுமினியத் தகடும் சேர்ந்த அந்தப் பெட்டி ஒளியையும் காற்றையும் உள்ளே விடுவதில்லை. இத்தகைய அட்டைப்பெட்டியில் பால் முதன்முதலாக 1961-இல் ஸ்விட்சர்லாந்தில் விற்பனைக்கு வந்தது. உள்ளே கடிகாரத்தை ஓட்ட ஆளே இல்லை. ஆகவே வெளியே வைத்தாலும் மாதக்கணக்கில் தாங்குகிறது. ஆனால் பெட்டியின் மூலையைக் கத்தரித்த அந்தக் கணமே வெளிக்காற்றோடு விருந்தினர்களும் நுழைந்துவிடுகிறார்கள். அதன்பின் அதுவும் சாதாரணப் பால்தான். குளிர்பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடித்துவிட வேண்டும். பெட்டியின்மேல் இருக்கும் மூன்று மாதத் தேதி திறக்காத பெட்டிக்கு மட்டுமே உரியது.

மருந்து பற்றிச் சந்தேகப்பட வேண்டிய இடம் வேறு. திறந்த பாத்திரத்தில் வந்த காய்ச்சாத பால், கோடைப் பகலில் நாள் முழுவதும் வெளியே இருந்தும் புளிக்கவே இல்லை என்றால் அங்கே கேள்வி கேளுங்கள். புளிப்பை மறைக்கச் சோடா உப்பும், கிருமியை அடக்க ஃபார்மலினும் சேர்க்கும் ஏமாற்றுகள் உண்டு. இவை சட்டப்படி குற்றம். நீண்ட ஆயுளுக்கு விளக்கம் இருக்கிறதா, இல்லையா என்பதே சோதனை. பெட்டிப் பாலுக்கு விளக்கம் இருக்கிறது.

நீரை எடுத்துவிட்டால்

நுண்ணுயிருக்கும் குடிக்க நீர் வேண்டும். அதைப் பறித்துவிட்டால் சூடும் வேண்டாம், குளிரும் வேண்டாம். தகர டப்பாவில் வரும் இனிப்பு சேர்த்த கெட்டிப்பால் இப்படித்தான் தாங்குகிறது. அதிலுள்ள ஏராளமான சர்க்கரை நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் பாக்டீரியாவுக்குக் கிடைப்பதில்லை. ஊறுகாயில் உப்பு செய்யும் வேலையை இங்கே சர்க்கரை செய்கிறது. பால் பவுடரிலோ நீரே நான்கைந்து சதவீதத்துக்கு மேல் இல்லை. கொழுப்பு நீக்கிய பவுடர் மேலும் அதிக நாள் தாங்கும். கொழுப்புள்ள பவுடரில் பாக்டீரியா வளராவிட்டாலும், காற்றிலுள்ள ஆக்சிஜன் கொழுப்போடு சேர்ந்து சிக்கு வாடை வந்துவிடும்.

இந்தப் பவுடருக்குப் பின்னால் நம் நாட்டுச் சாதனை ஒன்று இருக்கிறது. குஜராத்தின் கேடா மாவட்ட எருமைகள் குளிர்காலத்தில் கறக்கும் பால், கோடையில் கறப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மிஞ்சும் பாலை வாங்குவார் இல்லை. உழவர்கள் நட்டப்பட்டார்கள். பவுடராக்கலாம் என்றால், எருமைப் பாலைத் தெளித்து உலர்த்திப் பவுடராக்க முடியாது என்று வெளிநாட்டு வல்லுநர்கள் கூறினார்கள். ஆனந்தில் வர்கீஸ் குரியனுடன் பணியாற்றிய எச்.எம். தலாயா என்ற பொறியாளர் முடியும் என்று செய்து காட்டினார். 1955 அக்டோபர் 31 அன்று அந்தப் பவுடர் ஆலையைப் பிரதமர் நேரு திறந்துவைத்தார். பாலின் ஆயுள் கூடியதும் உழவரின் கை ஓங்கியது. இன்றே விற்றாக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர் சொல்லும் விலைக்குச் சம்மதிக்க வேண்டும். நாளையும் விற்கலாம் என்பவர் பேரம் பேசலாம். பாலின் ஆயுள் விஞ்ஞானக் கேள்வி மட்டும் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

சங்கிலி எங்கே அறுகிறது?

இனி என் கருத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் அதே 72 டிகிரி, 15 விநாடி முறையில் பதப்படுத்திய பாலுக்கு இரண்டு வாரத் தேதி சாதாரணம். நம் பாக்கெட்டில் பெரும்பாலும் இரண்டு நாள்தான். பாலிலோ பாஸ்டர் முறையிலோ இந்த வித்தியாசம் இல்லை. கறப்பதிலிருந்து குடிப்பது வரை உள்ள சுத்தத்திலும் குளிரிலும் இருக்கிறது.

நம்மால் முடியாத காரியமா இது? 2020-இல் ஆந்திரத்தின் ரேணிகுண்டாவிலிருந்து டெல்லிக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் தூரம் ரயிலில் பால் தொட்டிகள் சென்றன. ஒரு நாளுக்கு மேல் பயணம் செய்த பால் கெடாமல் போய்ச் சேர்ந்தது. பல கிராமங்களில் இப்போது பால் சேகரிக்கும் இடத்திலேயே குளிரூட்டும் தொட்டிகள் இருக்கின்றன. இவ்வளவு பாடுபட்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் காப்பாற்றிக் கொண்டுவந்த குளிரைக் கடைசி நூறு மீட்டரில், கடை வாசலிலும் நம் சமையல் மேடையிலும் கொட்டிவிடுகிறோம். அடுக்கி வைத்த கிரேட்டின் நடுவில் இருக்கும் பாக்கெட்டை மற்றப் பாக்கெட்டுகள் காக்கின்றன. தனியே எடுத்து வைத்த பாக்கெட்டுக்கோ கொள்ளளவு குறைவு, பரப்பு அதிகம். அது மிக விரைவில் சூடேறிவிடும்.

எல்லாப் பாலையும் மூன்று மாதப் பாலாக்கிவிட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். அது சரியான வழி என்று நான் நினைக்கவில்லை. அதற்கு விலை கூடுதல். மூன்று பொருள் ஒட்டிய பெட்டியைப் பிரித்து மறுபடி பயன்படுத்துவது எளிதல்ல. அந்தப் பாலில் தயிர் சற்றுத் தளர்வாகவே உறையும். ஆனால் அதற்கு உரிய இடம் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளுக்குப் பால் வண்டி போக முடியவில்லை. குளிர்பெட்டிக்கு மின்சாரமும் இல்லை. அப்படிப்பட்ட நாளில் கைக்குழந்தை உள்ள வீட்டுக்குப் பெட்டிப் பாலும் பவுடரும் பெரிய துணை. அவசரத்துக்கு அவை, அன்றாடத்துக்குக் குளிர்ந்த பாக்கெட் பால். நம் முயற்சியும் செலவும் கடைசி நூறு மீட்டர்க் குளிருக்குப் போகட்டும் என்பதே என் வாதம்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை எளியவை. வாங்கி வந்ததும் பாலைக் காய்ச்சுங்கள், இல்லையேல் உடனே குளிர்பெட்டியில் வையுங்கள், மேடையில் கிடத்தாதீர்கள். குளிர்பெட்டியின் கதவுத் தட்டில் வைக்க வேண்டாம். திறக்கும்போதெல்லாம் வெக்கை படுவது அங்கேதான். காய்ச்சிய பாலைத் தண்ணீர் ஊற்றிய அகலப் பாத்திரத்தில் இறக்கி விரைவாக ஆறவிடுங்கள். மெதுவாக ஆறும் பால், உறங்கும் வித்துகளுக்கு விழித்துக்கொள்ள நேரம் கொடுக்கும்.

நீங்களே சோதியுங்கள்

நான் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு பாக்கெட் பாலை நான்கு சுத்தமான டம்ளர்களில் பிரித்து மூடுங்கள். ஒன்று குளிர்பெட்டியில், ஒன்று ஈரத்துணி சுற்றி, தண்ணீர் ஊற்றிய மண்சட்டியில், ஒன்று அறையில், ஒன்று வெயிலில். ஒவ்வொன்றின் வெப்பநிலையையும் குறியுங்கள். மணிக்கு ஒரு முறை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்துச் சூடுபடுத்திப் பாருங்கள். எது எப்போது திரிகிறது என்று எழுதி, வெப்பநிலைக்கும் நேரத்துக்கும் வரைபடம் வரையுங்கள். பள்ளி ஆய்வகம் இருந்தால், ஆசிரியர் துணையோடு மெத்திலீன் நீலச் சோதனையும் செய்யலாம். நல்ல பாலில் நீல நிறம் ஐந்து மணி நேரத்துக்கு மேலும் நிற்கும். மிகவும் கெட்ட பாலில் அரை மணியில் மறைந்துவிடும். சோதனைக்கு எடுத்த பாலைக் குடிக்கக் கூடாது.

அந்த வரைபடத்தை வீட்டில் காட்டுங்கள். அடுத்த முறை பால் திரியும்போது, "யார் ஏமாற்றியது?" என்று கேட்பதற்கு முன்னால், "எத்தனை மணிக்கு வந்தது? எங்கே இருந்தது?" என்று கேட்கும் பழக்கம் வரட்டும். கடைக்காரர் மேலோ பாத்திரம் கழுவியவர் மேலோ வீணாக விழும் பழியாவது குறையும். ஒரு பாக்கெட்டின் பின்னால் விடியுமுன் எழுந்து கறந்த ஒருவரின் உழைப்பு இருக்கிறது. அதை ஐந்தரை மணி நேரக் கவனக்குறைவால் சாக்கடையில் கொட்டாமல் இருப்பதற்கு நமக்கு வேண்டியது மருந்தும் அல்ல, மந்திரமும் அல்ல. உறையில் உள்ள மீதிப் பாதி வாக்கியத்தைப் படிக்கும் பழக்கம்தான்.